சின்னமும் சினமும்

எங்கள் ஊர்க் கடைத்தெருவின் கோடியில் சேட் ஒருவரின் அடகுக்கடை இருந்தது. சிறு பிராயத்தில் வாப்பாவின் விரலைப் பற்றிக்கொண்டு அங்கே போன நாள்கள் சில உண்டு. எதற்காகப் போனோம் என்று விவரிக்க வேண்டியதில்லை. அடகுக்கடைக்கு ஆசையோடு போகிறவர் எவர்? சேட் தம் கணக்குப் புத்தகத்தைத் திறக்கும்போது அதன் முதற்பக்கத்தில் செந்தூரத்தால் இட்ட குறி ஒன்று கண்ணில் படும். குறுக்கும் நெடுக்குமாய் இரு கோடுகள்; நான்கு முனைகளும் ஒரே போக்கில் மடங்கியிருக்கும்; இடைவெளிகளில் நான்கு புள்ளிகள். "அது என்ன?" என்று வாப்பாவிடம் கேட்டேன். "நாம 786 போட்டுக் கணக்கு எழுதத் தொடங்குறோம் இல்லையா, அவங்களுக்கு அது" என்றார்கள். அந்த விடை எனக்குப் போதுமானதாக இருந்தது.

உயர்நிலைப் பள்ளியில் சரித்திரப் பாடநூலில் அதே குறியை மீண்டும் கண்டேன். இம்முறை அது கையை நீட்டி நிற்கும் ஒரு மனிதரின் புயத்துப் பட்டையில் இருந்தது. சற்றே சாய்ந்திருந்தது, புள்ளிகள் இல்லை. செந்தூரத்தில் கண்டதும் கைப்பட்டையில் கண்டதும் ஒன்றா, வேறா என்ற குழப்பம் அன்று தொடங்கியது. இன்றும் அது முற்றாகத் தீர்ந்தபாடில்லை.

ஹிட்லரின் கட்சி 1920ஆம் ஆண்டில் அந்தக் குறியைத் தன் கொடியில் ஏற்றது. 1935இல் அக்கொடியே ஜெர்மனியின் ஒரே தேசியக் கொடி எனச் சட்டமாயிற்று. ஜெர்மானியர் தம் மொழியில் அதற்கு இட்ட பெயர் 'கொக்கிச் சிலுவை' என்று பொருள்படும். அக்கொடி பறந்த நாடுகளில் கொன்றொழிக்கப்பட்ட யூதர் மட்டும் ஏறத்தாழ 60 லட்சம் பேர். சேட்டின் கணக்குப் புத்தகத்துக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. ஆயினும் வதைமுகாமிலிருந்து உயிரோடு மீண்ட ஒருவர் அந்தக் கடைக்கு வந்து, அந்தப் பக்கத்தைக் கண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கோட்டுக்கு வாயில்லை, காண்பவரின் நினைவே அதற்கு வாய். ஒருவரின் நினைவு மங்கலம் என்று சொல்லும் இடத்தில் இன்னொருவரின் நினைவு மரணம் என்று சொல்கிறது.

சேட்டின் உள்ளத்தில் கள்ளமில்லை. ஆகவே அங்கே வழக்கும் இல்லை. கள்ளத்தோடு, வேண்டுமென்றே, நெஞ்சு வெந்தவர்கள் குடியிருக்கும் தெருவிலேயே அதை ஏந்தி நடப்பேன் என்று ஒருவர் வந்தால் சட்டம் யார் பக்கம் நிற்க வேண்டும்? இது ஏட்டளவில் நிற்கும் கேள்வி அன்று. 1977ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் உண்மையாகவே எழுந்த கேள்வி. பத்துப் பதினெட்டு மாதங்கள் அந்நாட்டின் நீதிமன்றங்களை உறங்கவிடாத கேள்வி.

சிக்காகோ மாநகரை அடுத்து ஸ்கோக்கி என்றொரு சிறு நகரம் இருக்கிறது. அன்று அதன் மக்கள்தொகை சுமார் 70,000. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர் யூதர். அந்த யூதர்களிலும் 5,000 முதல் 7,000 பேர் வரை நாஜிகளின் கொடுமையிலிருந்து தப்பி வந்தவர்கள் என்று நீதிமன்ற ஆவணங்கள் கூறுகின்றன. வேறு எங்கும் இல்லாத அமைதியைத் தேடி அங்கே வந்து, கடை வைத்து, வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் அவர்கள். தாம் பட்டதைத் தம் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் மறைத்தவர்கள் அவர்களில் பலர்.

சிக்காகோவில் பிராங்க் காலின் என்பவர் ஒரு சிறு நாஜிக் கட்சியை நடத்தி வந்தார். கட்சி என்று சொல்வதுகூடச் சற்று மிகை. சில டஜன் பேர் கொண்ட கும்பல். மார்க்வெட் பூங்கா என்ற பகுதியில் அவர்கள் வழக்கமாகக் கூடுவார்கள். பூங்கா நிர்வாகம் பெருந்தொகைக்கு இன்ஷூரன்ஸ் காட்டினால்தான் கூட்டம் நடத்தலாம் என்று விதித்து அவர்களை நிறுத்தியது. உடனே காலின் சுற்றுப்புறத்துச் சிறு நகரங்கள் பலவற்றுக்கும் கடிதம் எழுதினார். பெரும்பாலான ஊர்கள் அக்கடிதத்தைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுத் தம் வேலையைப் பார்த்தன. ஸ்கோக்கியின் பூங்கா நிர்வாகம் மட்டும் விடை எழுதியது: 3,50,000 டாலருக்கு இன்ஷூரன்ஸ் வேண்டும் என்று. காலின் எதிர்பார்த்திருந்தது அதைத்தான். அந்த நிபந்தனையை எதிர்த்து ஸ்கோக்கியின் நகர்மன்றத்துக்கு முன்னால் ஊர்வலம் நடத்துவோம், 30 முதல் 50 பேர் வரை வருவோம், நாஜிச் சீருடை அணிவோம், கையில் அந்தச் சின்னம் இருக்கும், ஏறத்தாழ அரைமணி நேரம் நடந்துவிட்டுப் போவோம், துண்டறிக்கை எதுவும் கொடுக்கமாட்டோம் என்று அறிவித்தார். நாள் 1977 மே 1.

வாசகர் இதைச் சற்றே மனக்கண்ணால் காண வேண்டும். கல்லெறி இல்லை, வசைமொழி இல்லை. அவர்கள் ஏந்தவிருந்த அட்டைகளில் வெள்ளையருக்குப் பேச்சுரிமை வேண்டும் என்பது போன்ற வாசகங்கள் மட்டுமே. புயத்தில் ஒரு துண்டுத் துணி, துணியில் நான்கு வளைந்த கோடுகள். அவ்வளவே ஆயுதம்.

நகரம் நீதிமன்றத்துக்கு ஓடியது. விசாரணையில் சாட்சி சொல்ல, முகாமிலிருந்து தப்பி வந்த ஒருவர் ஏறினார். தம் நெருங்கிய உறவினரை நாஜிகள் கொன்றதையே அச்சின்னம் தமக்கு உணர்த்துகிறது என்றார். தம் உயிருக்கும் தம் பிள்ளைகளின் உயிருக்கும் இன்றும் பாதுகாப்பு இல்லை என்று அது தம்மிடம் சொல்கிறது என்றார். வன்முறையில் இறங்கும் நோக்கம் தமக்கு இல்லை. ஆனால் அவர்களை நேரில் கண்டால் தம்மை அடக்கிக்கொள்ள இயலுமா என்பது தமக்கே தெரியாது என்றார். இந்த வழக்கைப் பற்றி நான் படித்தவற்றில் என்னை அதிகம் வருத்தியது இந்த இறுதி வாக்கியம். பொய்யில்லாத வாக்கியம். வீரம் பேசவில்லை, மிரட்டவில்லை, மன்னிக்கவும் இல்லை. தன்னைத் தானே அஞ்சுகின்ற ஒரு மனிதரின் குரல் அது.

கீழ்நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. நகர்மன்றமும் மே மாதத் தொடக்கத்தில் அவசரமாக மூன்று விதிகளை இயற்றியது. ஊர்வலம் போக 3,50,000 டாலர் இன்ஷூரன்ஸ் வேண்டும். இனவெறுப்பைத் தூண்டும் எழுத்தோ சின்னமோ பரப்பக் கூடாது. அரசியற் கட்சியினர் இராணுவம் போன்ற உடையணிந்து நடக்கக் கூடாது. படித்தவுடன், 'சரிதானே!' என்று நம் நாவே சொல்லும். என் நாவும் சொல்லிற்று.

ஆனால் இந்த நாஜிகளுக்காக வாதாட வந்தவர் யார் தெரியுமா? அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கத்தின் வழக்கறிஞர் டேவிட் கோல்ட்பெர்கர். அவர் ஒரு யூதர். அச்சங்கத்தின் நிர்வாகத் தலைவராக இருந்த ஆர்யே நையரும் யூதர். 1937இல் பெர்லின் நகரிலேயே பிறந்து, கைக்குழந்தையாக நாட்டைவிட்டுத் தப்பியவர். தம் குலத்தைக் கருவறுக்க வந்த சின்னத்துக்காகத் தாமே வழக்காடிய இவர்களைத் துரோகிகள் என்று தூற்றினர். சங்கத்தின் உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் விலகினர்.

நையர் பின்னர் 1979இல் ஒரு நூல் எழுதித் தம் நிலையை விளக்கினார். அதன் சாரத்தை என் சொற்களில் சொல்வதானால் இது: சிறுபான்மையோராகிய நமக்கு என்றைக்கும் பகை, கட்டற்ற அதிகாரமே. இன்னது பேசலாம், இன்னது அணியலாம் என்று ஆளுவோர் தீர்மானிக்கலாம் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டுவிட்டால், நாளை அந்தத் தீர்மானம் எவர் கைக்குப் போகும் என்பது நம் கையில் இல்லை. நாஜியின் வாயை அடைக்கும் அதே விதி வேறொருவரின் வாயையும் அடைக்கும்.

இது கற்பனை அச்சம் என்று தள்ளுவதற்கில்லை. 1963 ஏப்ரல் 12ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்ஹாம் நகரில் கைதானது எதற்காக? ஊர்வலம் நடத்தக் கூடாது என்று நீதிமன்றம் இட்ட தடையாணையை மீறியதற்காக. தெற்கத்திய வெள்ளையரின் கண்ணுக்குக் கறுப்பரின் ஊர்வலமே ஆத்திரமூட்டும் சின்னமாகத் தெரிந்தது. 'இவர்கள் வந்தால் கலவரம் மூளும்' என்பதுதான் அங்கும் காரணம். 1966 ஆகஸ்டில் இதே சிக்காகோவின் மார்க்வெட் பூங்காப் பகுதியில் கிங் நடந்தபோது கூடியிருந்தோர் வீசிய கல் அவர் தலையில் பட்டது. பின்னாளில் காலினின் கோட்டையாக இருந்த அதே பூங்கா! கேட்போரின் சினம்தான் பேசுவோரின் உரிமைக்கு எல்லை என்று கொண்டால், அன்று கல்லெறிந்தவர்கள் கிங்கின் உரிமைக்கு எல்லை வகுத்தவர்கள் ஆகிவிடுவார்கள். இன்ஷூரன்ஸ் நிபந்தனையும் அப்படித்தான். ஏழைகளின் ஊர்வலத்தை, தடை என்ற சொல்லையே உச்சரிக்காமல் நிறுத்துவதற்கு அதைவிட எளிய வழி வேறில்லை.

நீதிமன்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இதை ஏற்றன. 1977 ஜூன் 14ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேச்சுரிமையைத் தடுக்கும் ஆணை என்றால் மேல்முறையீட்டை உடனே விசாரிக்க வேண்டும், இல்லையேல் தடையை நிறுத்திவைக்க வேண்டும் என்று 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அடுத்து இல்லினாய் மாநிலத்து மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு நடுவழி கண்டது: நடக்கலாம், அந்தச் சின்னத்தை மட்டும் காட்டக் கூடாது. கேட்பதற்கு இனிதாக இருக்கிறது. ஆனால் 1978 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் அதையும் நீக்கியது. சின்னத்தை ஏந்துவதும் ஒருவகைப் பேச்சே என்றும், முன்கூட்டியே அறிவித்துவிட்டு வரும் ஊர்வலத்தைக் காண விரும்பாதவர் விலகிக்கொள்ளலாம் என்றும் கூறியது. கூட்டரசு நீதிமன்றங்கள் நகரத்தின் மூன்று விதிகளையும் செல்லாதவை ஆக்கின. அந்த ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதில் தலையிட மறுத்தது.

காண விரும்பாதவர் விலகிக்கொள்ளலாம்! இந்த ஒரு வாதத்தை மட்டும் என்னால் எளிதாக விழுங்க முடியவில்லை. சந்தையில் ஆபாசச் சுவரொட்டி ஒட்டியிருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். தம் தாயைக் கொன்றவனின் சீருடை தம் வீட்டுத் தெருவில் நடக்கிறது என்று அறிந்தவர் முகத்தை எங்கே திருப்புவார்? கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாலும் அந்த அரைமணி நேரமும் அவர் செவியில் கேட்கும் காலடி ஓசை 1977ஆம் ஆண்டினுடையதாக இராது. சட்டப் புத்தகத்தில் எல்லார்க்கும் ஒன்றாகத் தோன்றும் சுதந்திரத்துக்கு விலை கொடுப்பதில் எல்லாரும் ஒன்றல்லர். தீர்ப்பை எழுதியவரோ, அதைப் பாராட்டித் தலையங்கம் தீட்டியவரோ, நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு மூலையில் அமர்ந்து இக்கட்டுரை எழுதுகிற நானோ அந்த விலையைக் கொடுக்கவில்லை. கையில் எண் பச்சை குத்தப்பட்ட முதியவர் கொடுத்தார். சுதந்திரத்தைப் போற்றுகிறவர்கள் இந்தக் கணக்கை மறைக்கும்போது எனக்கு அவர்கள் மீது நம்பிக்கை குறைகிறது.

அப்படியானால் ஜெர்மனி செய்ததுபோல் அந்தச் சின்னத்தையே தடைசெய்துவிடலாமா? ஜெர்மானியக் குற்றச் சட்டத்தின் 86-அ பிரிவு நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதைக் குற்றமாக்குகிறது. கல்விக்கும் கலைக்கும் ஆராய்ச்சிக்கும் விலக்கு உண்டு. அந்தச் சின்னம் ஆட்சிபீடம் ஏறியதைத் தன் கண்ணால் கண்ட நாடு, மீண்டும் அதற்குத் தெருவில் இடமில்லை என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அங்கேயும் ஒரு வேடிக்கை நடந்தது. நாஜிகளை எதிர்ப்பவர்கள், அந்தச் சின்னத்தின் மேல் குறுக்குக்கோடு அடித்தும் அதை உடைத்தும் சட்டைகளிலும் வில்லைகளிலும் அச்சிட்டு விற்றனர். அப்படி விற்ற ஒருவருக்கு ஒரு நீதிமன்றம் அபராதம் விதித்தது: குறுக்குக்கோடு அடித்தாலும் சின்னம் சின்னம்தானே! 2007 மார்ச்சில் அந்நாட்டின் உயர்ந்த கூட்டரசு நீதிமன்றம்தான் அந்த அபராதத்தை நீக்கி, எதிர்ப்பது வெளிப்படையாகத் தெரிந்தால் குற்றமில்லை என்று கூறியது. கோட்டைப் பார்த்து உள்ளத்தை மறந்தால் சட்டம் இப்படித்தான் தன் காலிலேயே இடறும்.

உள்ளம் என்றதும் நமக்கு 'நிய்யத்' என்ற சொல் நினைவுக்கு வருவது இயல்பு. அமெரிக்க நீதிமன்றமும் 2003இல் ஒரு வழக்கில் ஏறத்தாழ அதையே தேடியது. அங்கே கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளையர் கும்பல் சிலுவையை எரித்துக் கறுப்பரை அச்சுறுத்துவது நெடுநாள் வழக்கம். வர்ஜீனியா மாநிலத்திலிருந்து இரு நிகழ்ச்சிகள் ஒன்றாக விசாரணைக்கு வந்தன. ஒன்றில் ஒருவர், உரியவரின் சம்மதத்தோடு ஒரு வயலில் கூட்டம் கூட்டிச் சிலுவையை எரித்தார். மற்றொன்றில் இளைஞர்கள், கறுப்பர் ஒருவரின் வீட்டு முற்றத்தில் இரவோடிரவாகச் சிலுவையை நட்டு எரிக்க முயன்றனர். இரண்டிலும் சிலுவை ஒன்றே, தீயும் ஒன்றே. அச்சுறுத்தும் நோக்கோடு எரிப்பதை மாநிலம் தண்டிக்கலாம் என்றது நீதிமன்றம். ஆனால் எரித்தாலே அந்த நோக்கம்தான் என்று அனுமானித்துவிடக் கூடாது, அதை மெய்ப்பிக்க வேண்டும் என்றது.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு ஸ்கோக்கிக்குத் திரும்பிப் பார்த்தால், அந்த ஊர்வலம் வயலில் எரிந்த சிலுவையா, முற்றத்தில் எரிந்த சிலுவையா? வழக்கறிஞர்கள் வயல் என்பார்கள். நகர்மன்றத்தின் முன்னுள்ள பொதுத் தெரு எவர் வீட்டு முற்றமும் அன்று என்பார்கள். என் மனம் முற்றத்தின் பக்கமே சாய்கிறது என்பதை ஒளிப்பதற்கில்லை. ஆயினும், சாய்ந்த என் மனத்தை அப்படியே சட்டமாக்கலாமா என்று கேட்டால், கூடாது என்றே சொல்வேன். அதற்குக் காரணம் அமெரிக்காவில் இல்லை; நம் வீட்டில் இருக்கிறது.

1927ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை இழிவுபடுத்தி லாகூரில் ஒரு சிறு நூல் அதற்கு முன்பே வெளிவந்திருந்தது. அதைப் பதிப்பித்தவரைத் தண்டிக்க அன்றைய சட்டத்தில் இடமில்லை என்று லாகூர் உயர் நீதிமன்றம் விடுவித்தது. முஸ்லிம்களின் நெஞ்சு கொதித்தது, இயல்பே. அந்தக் கொதிப்பின் விளைவாக இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 295-ஏ என்ற பிரிவு பிறந்தது. மத உணர்வை வேண்டுமென்றே, தீய நோக்கோடு புண்படுத்துவது குற்றம் என்றது அது. சட்டசபையில் விவாதம் நடந்தபோது, நேர்மையான ஆராய்ச்சியும் விமரிசனமும் இதில் சிக்கிவிடக் கூடாது என்று எச்சரித்தவர்களில் ஜின்னாவும் ஒருவர். பிரிவு வந்தும் கொலை நிற்கவில்லை. 1929இல் அந்தப் பதிப்பாளர் குத்திக் கொல்லப்பட்டார், கொன்ற இளைஞன் தூக்கிலிடப்பட்டான். விடுதலைக்குப் பின்னும் அந்தப் பிரிவு நிலைத்தது. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 299 என்ற எண்ணோடு தொடர்கிறது.

கேட்டு வாங்கிய சட்டம் அது. கேட்டது தவறு என்று நம் முன்னோரைப் பழிக்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒன்றை உணர வேண்டும். புண்பட்டேன் என்று சொல்லும் உரிமை எல்லாருக்கும் உண்டு. புண்பட்டதைக் காவல் நிலையத்தில் எழுதவைக்கும் வலிமை எல்லாருக்கும் சமமாக இல்லை. எவர் கூட்டம் பெரிதோ, எவர் குரல் உரத்ததோ அவர் புண்ணே பெரும் புண் ஆகிவிடுகிறது. நம்மைக் காக்கும் என்று நாம் தீட்டிய கத்தியின் பிடி எப்போதும் நம் கையிலேயே இருக்கும் என்று எவர் உறுதி தருவார்?

பிரான்சு நாடு 2004 மார்ச் 15ஆம் நாள் ஒரு சட்டம் இயற்றியது. அரசுப் பள்ளிகளில் கண்ணுக்கு உறுத்தும் மதச் சின்னங்களை மாணவர் அணியக் கூடாது. பெரிய சிலுவையும் யூதர் தொப்பியும் சீக்கியர் தலைப்பாகையும் அதில் அடங்கும். ஆயினும் அந்தச் சட்டத்தைப் பிறப்பித்த விவாதம் முழுவதும் முஸ்லிம் பெண்ணின் முக்காட்டைச் சுற்றியே நடந்தது. முக்காடு அணிந்த பெண் எவரையும் நோக்கி எதையும் ஏந்தவில்லை; தன் தலையைத் தான் மூடிக்கொண்டாள். ஆயினும் காண்பவரின் கண்ணில் அது சின்னமாயிற்று, சின்னம் உறுத்தலாயிற்று, உறுத்தல் சட்டமாயிற்று. அவளுடைய நிய்யத் என்ன என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை.

நம் அருகே கர்நாடகத்தில் 2022இல் நடந்ததும் நினைவிருக்கும். முக்காட்டோடு வந்த மாணவியர் கல்லூரி வாயிலில் நின்றனர். அதற்கு எதிராகக் காவித் துண்டு அணிந்து வேறு மாணவர் வந்தனர். இரண்டும் துணிதானே, இரண்டையும் நிறுத்துவதுதானே நடுநிலை என்று வாதித்தோர் உண்டு. நாள்தோறும் அணியும் துணியும், இன்னொருவரின் துணிக்கு மறுமொழியாக ஒருநாள் எடுத்த துணியும் எப்படி ஒன்றாகும்? உயர் நீதிமன்றம் தடையை ஏற்றது. அந்த ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் இரு வேறு தீர்ப்பு எழுதினர். தடை கூடாது என்று எழுதிய நீதிபதி சுதான்ஷு துலியா துணைக்கு அழைத்தது, 1986இல் கேரளத்துப் பிள்ளைகள் மூவர் தொடுத்த வழக்கை. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த அப்பிள்ளைகள் தேசியகீதம் இசைக்கும்போது மரியாதையாக எழுந்து நின்றனர், ஆனால் பாடவில்லை; பள்ளி அவர்களை நீக்கியது. உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அந்தத் தீர்ப்போ, அதே பிரிவைச் சேர்ந்த அமெரிக்கப் பிள்ளைகள் கொடிவணக்கம் செய்ய மறுத்த வழக்கில் 1943இல், உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், அந்நாட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பைச் சுட்டியது. ஸ்கோக்கித் தீர்ப்பும் அதே மரத்தில் கிளைத்ததுதான். நாஜியின் கைப்பட்டையைப் பொறுத்துக்கொண்ட அந்தக் கசப்பான நெறியும், எங்கோ ஒரு பெண்பிள்ளையின் முக்காட்டுக்காக வாதிடும் நெறியும் வேரில் ஒன்று. ஒன்றை வெட்டிவிட்டு மற்றொன்றை நீரூற்றி வளர்ப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

சட்டம் தண்டிக்கவில்லை என்பதனால் காலின் செய்ய நினைத்தது நல்லது ஆகிவிடாது. தெருவில் நடக்கும் உரிமை அவருக்கு இருந்தது. நடப்பதற்குத் தக்க காரணம் ஒன்றுகூட இருக்கவில்லை. சட்டம் விட்டுவைத்ததைக் கண்டிக்கும் கடமை அக்கம்பக்கத்தாருக்கு உண்டு. சிக்காகோ மக்கள் அதைச் செய்தனர். மார்க்வெட் பூங்காவில் இன்ஷூரன்ஸ் இன்றிக் கூடலாம் என்று 1978 ஜூனில் தீர்ப்பு வந்ததும் காலின் ஸ்கோக்கி ஊர்வலத்தைக் கைவிட்டார். வென்றபின் அவர் அந்த ஊரில் ஒரு நாளும் நடக்கவில்லை! மாறாக ஜூன் 24ஆம் நாள் சிக்காகோவின் நடுவே கூட்டம் கூட்டினார். அவரோடு நின்றவர் ஏறத்தாழ இருபது பேர். எதிர்த்து நின்றவர் பல ஆயிரம் பேர். சில நிமிடங்களில் கூட்டம் முடிந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் சிறுவர்களிடம் தகாத முறையில் நடந்த குற்றத்துக்காக அவர் சிறைக்குப் போனார். அவருடைய தந்தையே யூதர் என்றும், டாக்காவ் முகாமில் அடைபட்டிருந்தவர் என்றும் பத்திரிகைகள் எழுதின. கதை எழுதுகிறவர் இப்படி எழுதினால் நம்பமாட்டோம்.

ஸ்கோக்கியின் முதியவர்கள் வழக்கில் தோற்றனர். தோற்றவர்கள், அதுவரை தம் பிள்ளைகளுக்கும் சொல்லாத கதைகளை ஊராரிடம் சொல்லத் தொடங்கினர். 1981இல் ஓர் அறக்கட்டளை அமைத்து, கடை ஒன்றின் முன்னறை அளவே இருந்த ஓரிடத்தில் தம் நினைவுகளைச் சேர்த்துவைத்தனர். பள்ளிகளுக்குச் சென்று பேசினர். நாஜிகளின் படுகொலை வரலாற்றைப் பள்ளிகளில் கட்டாயம் கற்பிக்க வேண்டும் என்று 1990இல் சட்டமியற்றிய முதல் அமெரிக்க மாநிலம் இல்லினாய்தான். அதன் பின்னே அவர்களுடைய உழைப்பு இருந்தது. 2009 ஏப்ரலில் அதே ஸ்கோக்கியில் ஒரு பெரிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதன் கட்டடம் இரு பகுதிகளால் ஆனது: ஒன்று கருமை, ஒன்று வெண்மை. வருகிறவர்கள் கரிய பகுதியின் வழியே நுழைந்து, வெண்மையான பகுதியின் வழியே வெளியேறுகிறார்கள். தம்மை அடக்கிக்கொள்ள இயலுமா என்று தெரியாது எனச் சாட்சி சொன்னவரைப் போன்ற முதியவர்கள் பலர், தம் இறுதி ஆண்டுகளில் அந்த வாயிலில் நின்று, பள்ளிப் பிள்ளைகளுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தார்கள்.